தார் பூசிய ஓட்டை

போன வாரம் என் மகள் தன் புதுக் காரை முதல் சர்வீசுக்கு விடப் போனாள். என்னை வீட்டில் தனியாக விட்டுப் போக அவளுக்கு மனசு வராது. எண்பது தாண்டிய பிறகு, பாத்ரூமில் வழுக்கி விழுவதற்காகவே நான் நாள் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்பது அவள் எண்ணம். அதனால் நானும் கூடப் போய், ஏசி போட்ட கண்ணாடி அறையில், காகிதக் கோப்பையில் கொடுத்த காபியைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். சீருடை போட்ட ஒருவர் வந்து மகளிடம் கேட்டார்.

"மேடம், வண்டிக்கு அடியில கோட்டிங் அடிச்சுரலாங்களா? துரு புடிக்காதுங்க."

அவள் பதில் சொல்வதற்குள் நான் முந்திக்கொண்டேன். "அடிக்கறதுக்கு முன்னால சொரண்டிப் பாத்தீங்களா?"

அவர் சிரித்தார். "புது வண்டிங்கம்மா. சொரண்டறதுக்கு அதுல என்னங்க இருக்குது?"

நியாயமான பேச்சுதான். ஆனால் அவர் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனபோது பட்டறைப் பக்கமிருந்து ஒரு வாசனை உள்ளே வந்தது. தாரையும் மண்ணெண்ணெயையும் சேர்த்துக் கலக்கின மாதிரி ஒரு வாசனை. காபி கொஞ்சம் சேலையில் சிந்திவிட்டது. "என்னம்மா, சக்கர எறங்கிருச்சா?" என்று மகள் பதறினாள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேன். அவளிடம் இதுவரை சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

அப்போது எனக்குக் கல்யாணமாகி மூன்றாவது வருஷம். அறுபதுகளின் தொடக்கம். காந்திபுரத்தில் ஒரு சந்துக்குள் குடியிருந்தோம். காந்திபுரம் என்றதும் இன்றைக்கு உங்கள் கண்ணில் வரும் கூட்டத்தையெல்லாம் துடைத்துவிடுங்கள். எங்கள் சந்தில் ஆறே வீடுகள். மத்தியானத்தில் ஒரு சைக்கிள் போனால்கூட எந்த வீட்டுக்கு யார் வருகிறார்கள் என்று தெரிந்துவிடும். என் வீட்டுக்காரர் ஒரு பம்புசெட் கம்பெனியில் விற்பனைப் பிரிவில் இருந்தார். அன்னூர், கோபி, பெருந்துறை என்று தோட்டம் தோட்டமாகப் போய், கிணற்றை எட்டிப் பார்த்து, இந்த ஆழத்துக்கு இந்த மோட்டார் என்று சொல்ல வேண்டிய வேலை. அப்படி எட்டிப் பார்க்கப் போய் ஒருமுறை கிணற்றுப் படியிலிருந்து விழுந்து இடுப்பில் அடி. அதன்பிறகு அவரால் குனிய முடியும், நிமிர்வதற்குத்தான் ஆள் வேண்டும்.

பஸ்ஸில் அலைய முடியாது என்று அந்தச் சாக்கில் ஒரு பழைய காரை வாங்கினார். இடுப்பு வலி இல்லாவிட்டாலும் வேறு ஏதாவது சாக்கில் வாங்கியிருப்பார் என்பது வேறு விஷயம். சீமையில் செய்த கார். அரச இலைப் பச்சை. கோழிக்கோட்டில் கடற்கரையோரம் ஒரு வியாபாரி வீட்டில் பத்து வருஷம் நின்றிருந்த வண்டி. மேலே கண்ணாடி மாதிரி பளபளவென்று இருந்தது. இவர் அந்தப் பளபளப்பில் தன் முகத்தைப் பார்த்துச் சொக்கிப்போய் வாங்கிவிட்டார். கடற்கரையில் உப்புக் காற்று இருக்கும், மேலே துடைத்து வைத்தாலும் அது கீழே போய் இரும்பைத் தின்னும் என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

காருடன் ஒரு சின்ன இங்கிலீஷ் புத்தகம் வந்தது. வண்டியை எப்படிப் பராமரிப்பது என்று எழுதியிருக்கும். நான் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள். வீட்டில் வேறு புத்தகம் எதுவும் இல்லாததால் அதையே திரும்பத் திரும்பப் படித்தேன். வருஷத்துக்கு ஒருமுறை காரின் அடிப்பாகத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து, துருவை முழுவதும் எடுத்து, துரு தடுக்கும் செம்பூச்சு பூசிக் காயவிட்டு, அதன்மேல் தார் கலந்த கறுப்புப் பூச்சு பூச வேண்டும் என்று அதில் ஒரு பக்கம் இருந்தது. அதை அவருக்குத் தமிழில் படித்துச் சொன்னேன்.

"பட்டறைல உட்டா ஒரு வாரம் வெச்சுக்குவான்" என்றார். "நானே பண்ணிருவேன். இந்த இடுப்புதான்..."

"நான் பண்றனுங்க" என்றேன்.

சும்மா சொன்னதுதான். அப்போது நான் முருங்கைக்காய் மாதிரி இருப்பேன். காருக்கு அடியில் தாராளமாக நுழைவேன். அவர் ஒரு நிமிஷம் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "செரி, பண்ணு" என்றார். அந்தக் காலத்தில் எத்தனை புருஷன்மார் அப்படிச் சொல்லியிருப்பார்கள் என்று தெரியவில்லை.

சித்திரை மாதம். நாலு கருங்கல்லின் மேல் கனத்த பலகை போட்டு, அதன்மேல் காரை ஏற்றி நிறுத்தினார். அவருடைய பழைய காக்கி கால்சட்டையையும் சட்டையையும் போட்டுக்கொண்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, கீழே சாக்கை விரித்து மல்லாந்து படுத்தேன். பக்கத்து வீட்டு ராஜாமணி அக்கா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "ஏனுங்க தம்பி, புதுசா ஆள் வெச்சிருக்கறீங்களா?" என்று அவரிடம் கேட்டார். காருக்கு அடியிலிருந்து நான் "நாந்தானுங்கக்கா" என்றதும், அக்கா அப்படியே உட்கார்ந்துவிட்டார் போல. சுவருக்கு மேலே தலையைக் காணோம். சாயங்காலத்துக்குள் ஆறு வீட்டுக்கும் செய்தி போய்விட்டது.

கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால் காய்ந்த சேறு முகத்தில் கொட்டும். கண்ணில் விழும். வாயில் விழும். மாட்டுவண்டிச் சாலைகளில் ஓடிய வண்டி என்பதால் அந்தச் சேற்றில் பாதி சாணி. இருந்தாலும் எனக்குப் பிடித்திருந்தது. இதை ஒத்துக்கொள்ள இன்றைக்கும் கொஞ்சம் கூச்சம்தான். அடுப்படியில் நான் செய்வதெல்லாம் சாப்பிட்டதும் தீர்ந்துபோய்விடும். இங்கே தேய்த்த இடம் தேய்த்தபடி இருந்தது.

"மெதுவாச் சொரண்டு கண்ணு. ஓட்டகீது போட்டுறாத" என்று அவர் வெளியே ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு சொல்வார். விளையாட்டுக்குத்தான் சொன்னார். நான் விளையாட்டாக எடுத்துக்கொண்டிருக்கலாம்.

நாலாவது நாள் அவர் வேலைக்குப் போயிருந்தார். வலது பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டேன். சக்கரத்துக்கு மேலே வில் மாதிரி வளைந்த எஃகுப் பட்டை ஒன்று இருக்கும். வண்டியின் பாரமெல்லாம் அதன்மேல்தான் உட்காரும். அந்தப் பட்டையின் நுனி, காரைத் தாங்கும் இரும்புச் சட்டத்தில் மாட்டியிருக்கும் இடம் அது. அங்கே துரு பொரிந்து நின்றது. பிரஷ்ஷுக்கு வரவில்லை. திருப்புளியை எடுத்து ஒரு குத்துக் குத்தினேன். 'பொத்'தென்று உள்ளே போய்விட்டது. உருவினால், உள்ளங்கை அகலத்துக்கு இரும்பு அப்பளம் மாதிரி நொறுங்கி என் நெஞ்சின் மேல் விழுந்தது.

அப்படியே படுத்துக் கிடந்தேன். ஓட்டை போட்டுவிட்டேன் என்றுதான் தோன்றியது. துரு போட்ட ஓட்டை அது, எனக்கு முன்னாலேயே அங்கே இருந்தது என்று புரிந்துகொள்ள அப்போது எனக்கு அறிவில்லை. ஆசை ஆசையாக வாங்கின காரைக் குத்திக் கெடுத்துவிட்டேன், பொம்பிளைக்கு எதற்கு இந்த வேலை என்று ஊரே சிரிக்கும், இவர் சிரிக்கமாட்டார், முகத்தைத் தூக்கிக்கொண்டு பேசாமல் இருப்பார். இப்படி ஒன்றன்மேல் ஒன்றாக நினைத்து நினைத்து, கடைசியில் என்ன செய்தேன் தெரியுமா? சாக்கில் ஒரு துண்டு கிழித்து, கறுப்புப் பூச்சில் முக்கி, ஓட்டைக்குள் திணித்து, மேலே தாராளமாக நாலு பூச்சுப் பூசினேன். செம்பூச்சுகூட அங்கே பூசவில்லை. காயவும் விடவில்லை. மற்ற இடங்களை எல்லாம் புத்தகத்தில் இருந்தபடி செய்தவள், பாரம் தாங்குகிற ஒரே இடத்தில் இப்படிச் செய்தேன்.

வேலை முடிந்த அன்று அவர் சிரமப்பட்டுக் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தார். அடிப்பாகம் முழுக்க ஒரே கறுப்பாக மின்னியது. "புதுக் காரு தோத்துச்சு போ! ஏங்கண்ணு, கம்பெனில உன்னயே வேலைக்குச் சேத்தீரலாமாட்ட இருக்குது" என்றார். அந்தப் பாராட்டு என் வாயை அடைத்துவிட்டது. அவர் திட்டியிருந்தால் அழுதுகொண்டே சொல்லியிருப்பேன்.

அதற்குப் பிறகு நாலு மாதம் நான் சரியாகத் தூங்கவில்லை. காலையில் அவர் கிளம்பும்போது சந்து முனை வரை கார் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்பேன். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஒவ்வொரு நிமிஷமும் ஊசி. ரசத்துக்கு இரண்டு முறை உப்புப் போட்ட நாளும் உண்டு, போடாத நாளும் உண்டு. மழை பெய்தால் இன்னும் மோசம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருமே ஆனிச் சாரல், எல்லாரும் வாசலில் நின்று ரசிப்பார்கள். எனக்கு அந்தச் சாரல் நேராகப் போய் வலது பின் சக்கரத்துக்கு மேலே நனைப்பது மாதிரி இருக்கும். அவர் தூங்கும்போது போய்க் குனிந்து பார்ப்பேன். கறுப்பு அப்படியே மின்னும். நாளாக நாளாக, ஒன்றும் ஆகவில்லை, ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லப் பழகிக்கொண்டேன். அவர் ஓட்டியதெல்லாம் சமவெளிச் சாலை. தனி ஆள். அதனால் தாங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

அந்தச் சமயத்தில் என் நாத்தனார் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். இவருக்கு அக்கா; எனக்கு அண்ணி. மாமியார் காலமாகிவிட்டதால் பத்தியம், குளிப்பாட்டல் எல்லாம் நான்தான். அண்ணி கறார். ஒரு சொம்பு இடம் மாறியிருந்தால் கேட்பார். ஆண் குழந்தை பிறந்து மூன்று மாதமாகியிருந்தது. அண்ணியின் வீட்டுக்காரருக்குச் சாம்ராஜநகரில் வேலை. கோயமுத்தூரிலிருந்து, சத்தி என்று நாங்கள் சொல்லும் சத்தியமங்கலம் போய், பண்ணாரியிலிருந்து திம்பம் மலை ஏறி அந்தப் பக்கம் இறங்க வேண்டும். மலையில் இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகள். கைக்குழந்தையுடன் பஸ்ஸில் எதற்கு, நம் காரிலேயே கொண்டுபோய் விட்டுவிடலாம் என்று, பேரனைப் பார்க்க ஊரிலிருந்து வந்திருந்த மாமனார் சொன்னார். இவர் உடனே, "மலையேறி நம்ம காரு இன்னும் பாக்கலியே!" என்று குதித்தார்.

அவர், மாமனார், அண்ணி, அண்ணியின் ஐந்து வயதுப் பெண், கைக்குழந்தை. மேலே மூட்டை முடிச்சு. எனக்கு இடமில்லை.

முதல் நாள் சாயங்காலம் மூன்று முறை சொல்லப் போனேன். முதல் முறை அவர் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே விசிலடித்துக்கொண்டிருந்தார். "ஏனுங்க" என்றேன். "சொல்லு" என்றார். "பனியன் துவைச்சது காஞ்சிருச்சுங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இரண்டாவது முறை மாமனார் கூட இருந்தார். மூன்றாவது முறை அண்ணி, "காருக்கடில படுத்தவளுக்குக் காரு மேல உக்காரக் குடுத்து வெக்கல பாரு" என்று சிரித்தார். கேலியாகச் சொன்னாரோ, பரிதாபப்பட்டுச் சொன்னாரோ. எனக்குச் சுருக்கென்றது. வாய் திறக்கவில்லை.

விடிந்ததும் கிளம்பினார்கள். அண்ணியின் பெண் ஜன்னலில் கையை ஆட்டியது. "போயிட்டு வாரேன் அம்மிணி, கதவச் சாத்திக்க" என்றார் மாமனார். பின்புறம் வழக்கத்தைவிடத் தாழ்ந்திருந்தது. சந்து முனையில் சாக்கடைப் பள்ளத்தில் ஏறி இறங்கியபோது 'கிறீச்'சென்று ஒரு சத்தம். கார் திரும்பி மறைந்தது.

நான் கார் நின்ற இடத்தைக் கூட்டலாம் என்று விளக்குமாற்றை எடுத்தேன். தரையில் கறுப்பாக ஏதோ கிடந்தது. செத்த எலி என்று நினைத்தேன். குனிந்து பார்த்தால் சாக்குத் துண்டு. நான் திணித்த அதே துண்டு. அதன் ஒரு பக்கம் பிசுபிசுவென்று தார். மறுபக்கம் முழுக்க ஈரமான துரு, செங்கல் பொடி மாதிரி அப்பிக்கொண்டிருந்தது. நான் திணித்தபோது உள்ளங்கை அகலம் இருந்த ஓட்டை, துண்டே நழுவி விழும் அளவுக்கு உள்ளே வளர்ந்திருக்கிறது.

அடுத்து நினைவிருப்பது, ராஜாமணி அக்கா கையில் வீட்டுச் சாவியை நான் திணித்தது. "எங்கயுங்க அம்மிணி, இப்படித் தலகூட வாராம?" என்றார். "சத்திக்குங்க" என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். அதுவரை உள்ளூர் டவுன் பஸ்ஸைத் தவிர எதிலும் தனியாக ஏறியதில்லை. சாக்குத் துண்டைச் செய்தித்தாளில் சுற்றிக் கையில் வைத்திருந்தேன். எதற்கு அதைக் கொண்டுபோனேன் என்றால், வாயால் சொல்ல வராது என்று எனக்கே தெரிந்திருந்தது.

ஒரு நம்பிக்கை இருந்தது. எஞ்சின் சூடாகிவிடும் என்று, வெயில் தாழும்வரை சத்தியில் சொந்தக்காரர் வீட்டில் இருந்துவிட்டு மூன்று மணிக்கு மேல்தான் மலையேறுவதாகத் திட்டம். எப்படியும் பிடித்துவிடலாம். அப்படி நினைத்துக்கொண்டு அன்னூர் வரை மூச்சு விட்டேன். புளியம்பட்டியில் சந்தை. சாலை முழுக்க மாடு. பஸ் அப்படியே நின்றுவிட்டது. ஓட்டுநர் ஹாரனை அமுக்குகிறார், மாடுகள் எங்களைத் திரும்பிப் பார்க்கின்றன. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் முறுக்கை நீட்டி, "சாப்புடு கண்ணு, மாடு போனாத்தான் பஸ் போகும்" என்றார். அந்த முறுக்கைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். அவர் பயந்துபோய்ப் பக்கத்து சீட்டுக்கு மாறிவிட்டார்.

சத்தியில் சொந்தக்காரர் வீட்டைக் கண்டுபிடித்துப் போனால் வாசலில் கார் இல்லை. அந்த வீட்டு அம்மாள் என்னைப் பார்த்துத் திகைத்தார்.

"இப்பத்தானுங்க கெளம்புனாங்க. வானம் மூடிக்கிச்சு, வெயிலில்ல, சில்லுனு ஏறிப்போடலாம்னு உங்க ஊட்டுக்காரர்தான் அவசரப்படுத்துனாரு. அரை மணி நேரம் ஆவுமுங்க. ஏனுங்க, என்ன சங்கதி?"

பதில் சொல்லாமல் திரும்பி ஓடினேன். பெரிய ரோட்டில் மைசூர்ப் பக்கம் போகும் பஸ் ஒன்று ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது. ஏறி நேராக ஓட்டுநரிடமே போனேன். வெற்றிலை போட்ட, பருத்த மனிதர்.

"அண்ணா, பச்சைக் காரு ஒண்ணு முன்னால போகுதுங்க. என்ற ஊட்டுக்காரருங்க. கைக்கொழந்தை இருக்குதுங்க. காரு அடில ஓட்டைங்க. மலைல ஏறக்கூடாதுங்கண்ணா."

அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஜன்னல் வழியே வெற்றிலையைத் துப்பிவிட்டு, "ரைட் குடப்பா" என்று நடத்துநரைப் பார்த்துக் கத்தினார். பிறகு என்னிடம், "பண்ணாரில நிக்காம யாரும் மேல ஏறமாட்டாங்கம்மா. கம்பியப் புடிச்சுக்குங்க" என்றார். இரண்டு நிறுத்தங்களில் ஆட்கள் கைகாட்டியும் நிற்காமல் ஓட்டினார்.

பண்ணாரி அம்மன் கோயில் முன்னால் புளிய மரத்தடியில் கார் நின்றுகொண்டிருந்தது. நான் பஸ் நிற்பதற்குள் குதித்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டேன். மாமனார் தேங்காய் மூடியோடு கோயிலிலிருந்து வந்துகொண்டிருந்தார். அண்ணி காருக்குள் குழந்தையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார். இவர் பானெட்டைத் திறந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் மூன்று பேருக்கும் முகம் செத்துவிட்டது. இழவுச் செய்தி என்றே நினைத்தார்கள்.

"யாருக்கு என்ன ஆச்சு அம்மிணி?" என்றார் மாமனார்.

நான் செய்தித்தாளைப் பிரித்து சாக்குத் துண்டை நீட்டினேன். அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. கடைசியில் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது.

"காரடில ஓட்டைங்க. பின்சக்கரத்துக்கிட்ட. சொரண்டயில வுழுந்துச்சு. நான் இதத் திணிச்சுத் தார் பூசி மறைச்சுபோட்டேனுங்க."

இவர் மெல்ல முட்டி போட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மண்ணில் படுத்து உள்ளே போனார். பஸ் ஓட்டுநரும் மறுபக்கமாகப் படுத்துப் பார்த்தார். தட்டுகிற சத்தம் கேட்டது. இரும்பைத் தட்டுகிற சத்தமில்லை, தகர டப்பாவைத் தட்டுகிற சத்தம். ஓட்டுநர்தான் முதலில் வெளியே வந்தார். சட்டையில் மண்ணைத் தட்டிக்கொண்டே, "சட்டத்துல ஒரு வெரக்கடை இரும்புதாங்க ஒட்டிக்கிட்டு இருக்குது. இத்தன பேரோட ஏறிருந்தா மூணாவது வளைவுக்கு மேல போயிருக்காது" என்றார். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையுமில்லை, அங்கிருந்து பார்த்தாலே மலை தெரிந்தது.

அண்ணி காரிலிருந்து இறங்கினார். குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார்.

"கருப்பாப் பூசிட்டாச் சரியாப் போச்சுன்னு நெனச்சயா? எம்பட புள்ளைய அது மேலயா ஏத்தி அனுப்புன?"

அவர் பெண்ணின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அந்த பஸ்ஸிலேயே ஏறினார். உள்ளே எழுந்து இடம் கொடுத்தார்கள். மாமனார் மூட்டைகளோடு கூடவே போனார். ஏறுமுன் திரும்பி, "பாத்துப் போங்க" என்று மட்டும் சொன்னார். பஸ் முதல் வளைவில் திரும்பி மறைவது வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நீ அடுத்த பஸ்ஸுல சத்திக்கு வா. நான் வண்டிய மெதுவா உருட்டிட்டு வாரேன்" என்றார் இவர்.

"மாட்டேனுங்க."

"சொன்னாக் கேளு."

"நீங்க தனியா இதுல போகக் கூடாதுங்க" என்று சொல்லிவிட்டு முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். என் கனத்தையும் சேர்த்து ஏற்றினால் ஆபத்து கூடும் என்பதெல்லாம் தோன்றவில்லை. ஒரு சைக்கிள்காரர் எங்களைத் தாண்டிப் போனார். அவ்வளவு மெதுவாகப் போனோம். ஒவ்வொரு குழியிலும் பல்லைக் கடித்துக்கொள்வேன். சத்தி ஊர் எல்லைக்கு வந்தபிறகு, 'இனி பயமில்லை' என்று அவர் சொல்லி முடிக்கவில்லை, பின்னால் 'மடார்' என்றது. மாடு பின்னங்காலை மடித்து உட்காருமே, அப்படி வலது பக்கம் உட்கார்ந்துவிட்டது கார்.

இருவரும் இறங்கி ஒரு வேப்ப மரத்தடியில் உட்கார்ந்தோம். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. அவர் கேட்டார்.

"அன்னைக்கே ஏன் சொல்லல?"

"நல்லாருக்குதுன்னு சொன்னீங்க" என்றேன்.

அவர் தன் கையை விரித்துப் பார்த்துக்கொண்டார். தாரும் துருவும் அப்பியிருந்தது. "நானும் ஒருவாட்டி கையை வெச்சுத் தட்டிப் பாத்திருக்கோணும். டார்ச்ச மட்டும் அடிச்சுப் பாத்துப்போட்டு நல்லாருக்குதுன்னா?" என்றார். அவ்வளவுதான். அந்த விஷயத்தைப் பற்றி அதற்குப் பிறகு அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அப்போதும் நினைத்தேன்.

இரண்டு மாடு பூட்டி இழுத்துக்கொண்டு போய் ஒரு வெல்டிங் பட்டறையில் விட்டோம். பட்டறைக்காரர் என் அழகான கறுப்புப் பூச்சைச் சுரண்டச் சுரண்ட, உள்ளே இன்னும் இரண்டு இடத்தில் பொரிந்திருந்தது. "ஈரத்தயும் துருவயும் உள்ள வெச்சுத் தாரப் போட்டு மூடிட்டீங்க. அது உள்ள உக்காந்து சாவகாசமாத் தின்னுருக்குது" என்றார். இற்றுப்போனதை வெட்டியெடுத்துவிட்டுக் கனத்த இரும்புத் தகடு வைத்து ஒட்டினார். அதற்குப் பிறகு அந்தக் கார் எங்களிடம் இருந்தவரை ஒவ்வொரு சித்திரையிலும் நான் அடியில் படுத்தேன். வெள்ளி மாதிரி இரும்பு தெரிகிறவரை சுரண்டுவேன். அவர் குனிந்து சின்னச் சுத்தியலால் ஓரோர் இடமாகத் தட்டுவார். இருவரும் காதைத் தீட்டிக்கொண்டு சத்தத்தைக் கேட்போம். கெட்டியாகக் கேட்ட பிறகுதான் செம்பூச்சு. அது காய்ந்த பிறகுதான் கறுப்பு. ஆனாலும் அவர் வெளியூர் போய்த் திரும்பும்வரை சந்து முனையில் கார் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுப்பதை நான் ஒருநாளும் நிறுத்தவில்லை. அறுபதுகள் முடியும்போது பெருந்துறைக்காரர் ஒருவருக்கு விற்றோம். எல்லாரும் காரைப் பார்த்துக் கண் கலங்கினார்கள். நான் மட்டும் அன்றிரவு பத்து மணி நேரம் தூங்கினேன்.

அண்ணி இரண்டு வருஷம் என்னோடு பேசவில்லை. பிறகு பேசினார், வந்துபோனார், என் மகளுக்குக் காது குத்தியபோது மடியில் வைத்துக்கொண்டார். ஆனால் பண்ணாரி என்ற பேச்சு எங்கள் இருவருக்கும் நடுவில் வந்ததே இல்லை. அவர் மன்னிக்கவில்லை என்றே வைத்துக்கொண்டிருந்தேன். எப்படிக் கேட்பது என்று தெரியாமலே அறுபது வருஷம் ஓடிவிட்டது.

அந்தச் சந்தில் இன்றைக்கு ஒரு வீடும் இல்லை. ஆறு வீடும் சேர்ந்து ஒரு லாட்ஜ் ஆகிவிட்டது. ராஜாமணி அக்கா இல்லை. மாமனார் போய் ஐம்பது வருஷத்துக்கு மேல். இவர் போய்ப் பதினொன்று. அண்ணி போன தை மாதம் போனார். எனக்குக் கால் முடியாததால் காரியத்துக்குப் போகவில்லை.

மூன்று மாதம் கழித்து அவர் மகன் என்னைப் பார்க்க வந்தான். அன்றைக்கு மடியில் கிடந்த அந்தக் கைக்குழந்தை. இப்போது தலை நரைத்து, வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டான். சாப்பிட்டுவிட்டு வெற்றிலை மடித்துக்கொண்டே, "அத்தை, அம்மா எங்ககிட்ட அடிக்கடி ஒண்ணு சொல்லும்" என்றான்.

"என்னன்னு?"

"மாமா வெச்சிருந்த காரு அடில துருப்புடிச்சு ஓட்டையாம். ஆருக்கும் தெரியாதாம். நீங்கதான் எப்படியோ கண்டுபுடிச்சு, தலகூட வாராம, பஸ்ஸு மாறி பஸ்ஸு ஏறி, பண்ணாரில வந்து எங்கள நிறுத்துனீங்களாம். 'உங்க அத்தை இல்லாட்டி நீ இல்லடா'ன்னு சொல்லும்."

"வேற ஒண்ணும் சொல்லலியா?"

"வேற என்னங்கத்தை இருக்குது?" என்றான்.

அண்ணி அந்தத் தாரை மட்டும் விட்டுவிட்டுச் சொல்லியிருக்கிறார். அறுபது வருஷமும் அப்படியேதான் சொல்லியிருக்கிறார். நான் அவனுக்கு இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு எடுத்துக் கொடுத்தேன். அண்ணி இருந்தபோது ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நேரில் போய்க் கேட்டிருக்கலாம். இப்போது கேட்பதற்கு ஆளில்லை.